பழைய வீட்டில் புதுக் குடித்தனம்

காலிக் கோட்டையின் மதில்மேல் மாலை வேளையில் உலாவச் செல்வோர் பெரும்பாலும் கடலையே நோக்கி நிற்பர். சற்றே உட்புறமாகத் திரும்பி நோக்குவோர்க்கு வேறொரு காட்சி தென்படும். செந்நிற ஓடுகள் வேய்ந்த கூரைகள் தோளோடு தோள் உரசி நிற்க, அவற்றின் இடையிடையே கிணற்றின் வாய் போன்று இருண்ட சதுரங்கள் காணப்படும். அச்சதுரங்கள் அவ்வீடுகளின் உள்முற்றங்கள். வெளியிலிருந்து காண்போர்க்கு அவை வெற்றிடங்கள். உள்ளே வாழ்வோர்க்கோ வீட்டின் மூச்சே அவற்றின் வழியாகத்தான் நிகழ்கிறது. இத்தகைய வீடு ஒன்றைப் பழுதுபார்த்து, இக்காலத்துச் சிறு குடும்பம் ஒன்று வசதியுடன் வாழத்தக்க இல்லமாக ஆக்குதல் இயலுமா, இயலுமெனில் எங்ஙனம் என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

கோட்டையின் வரலாறு பலரும் அறிந்ததே. 1588ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் இங்கு அரண் அமைத்தனர். 1640இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றி, 1663 முதல் கடலைச் சூழ்ந்த பெருமதிலாக வளர்த்தனர். 1796இல் அது பிரித்தானியர் வசமாயிற்று. மதிலுக்குள்ளே நேர்கோடான தெருக்களும், கடலின் ஏற்றவற்றத்தால் கழுவப்படும் நிலக்கீழ் வாய்க்கால்களும் ஒல்லாந்தர் காலத்தில் அமைந்தவை. கயிறு திரித்த இடமாதலின் ஒரு தெரு இன்றும் அத்தொழிலின் ஒல்லாந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் அலைதடுப்பு அணையோடு பெருந்துறைமுகம் எழுந்தபின், கப்பல்கள் காலியை விட்டு விலகின. வாணிகம் குன்றியது ஊருக்கு இழப்புத்தான். ஆயினும் வீடுகளுக்கு அதுவே காப்பாயிற்று. செல்வம் பெருகியிருந்தால் பழைய வீடுகளை இடித்து மாடிகள் எழுப்பியிருப்பர். செல்வம் குறைந்தமையால் பாட்டன் கட்டிய வீட்டிலேயே பேரனும் வாழ்ந்தான். 1988ஆம் ஆண்டு காலிப் பழைய நகரமும் அதன் அரண்களும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டபோது, அங்கு வீடுகள் எஞ்சியிருந்தமைக்கு இவ்வறுமையும் ஒரு காரணம் எனலாம்.

இவ்வீடுகளில் வாழ்ந்தவர்களும் வாழ்பவர்களும் பல இனத்தவர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கு வாழ்ந்து வருகின்றன. ஒல்லாந்தர் வகுத்த வீட்டமைப்பு இக்குடும்பங்களின் வாழ்க்கை முறைக்கு இசைந்ததாக அமைந்தது வியத்தற்குரியது. தெருவோரத்தில் மரத்தூண்கள் தாங்கிய விறாந்தை; அதனையடுத்து வெளியார் வந்து அமர்தற்குரிய முன்னறை; அதன் பின்னே நீண்ட நடுச்சாலை; சாலையைக் கடந்தால் உள்விறாந்தை; அதன் அப்பால் வானம் தெரியும் முற்றமும் கிணறும்; கடைசியிற் குசினியும் பண்டகசாலையும். தெருவிலிருந்து உள்ளே செல்லச் செல்ல வீடு படிப்படியாக அந்தரங்கமாகிறது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை அறிந்தோர்க்கு இதன் கருத்து எளிதில் விளங்கும். நாற்சார் வீட்டில் முற்றம் நடுவே அமர்ந்து நாற்புறமும் தாழ்வாரம் சூழும். காலி வீட்டிலோ இட நெருக்கத்தால் வீடு ஒடுங்கி, நெடுகி, இரு பக்கச் சுவர்களையும் அயலாருடன் பங்கிட்டுக்கொண்டு நிற்கிறது. ஆதலின் பக்கச் சுவர்களிற் சாளரம் இல்லை. வெளிச்சமும் காற்றும் முன்னாலிருந்தும் முற்றத்திலிருந்துமே வரவேண்டும்.

இதனை முதலில் மனத்திற் கொள்ளாது வேலை தொடங்குவோர் பெருந்தவறு செய்வர். தாய், தந்தை, ஒரு பாட்டி, பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர் என ஐவர் கொண்ட குடும்பம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். அவர்களுக்குக் கிடைத்தது பெரு மாளிகையன்று. பாகப்பிரிவினையிற் பிரிந்து எஞ்சிய ஒடுங்கிய பகுதி. படுக்கையறை மூன்று வேண்டும். மலசலகூடம் உள்ளே வேண்டும். புகையற்ற குசினி வேண்டும். பிள்ளைகள் படிக்க ஓரிடம் வேண்டும். இடமோ போதாது. அந்நிலையில் எவர் கண்ணும் முதலில் முற்றத்தின்மீதே விழும். "வீணே கிடக்கும் இதற்கு மேலே கூரை போட்டால் ஓர் அறை கிடைக்குமே" என்று மேசனும் சொல்வார், உறவினரும் சொல்வர்.

அவ்வறை கிடைக்கும், ஆனால் வீடு போய்விடும். பகலில் ஓடுகளின் கீழ்த் தேங்கும் வெப்பக் காற்று முற்றத்தின் வழியே மேலெழுந்து வெளியேற, தெரு விறாந்தையின் நிழலில் தங்கிய குளிர்ந்த காற்று அதன் இடத்தை நிரப்ப உள்ளே வருகிறது. இவ்வோட்டத்துக்கு வழிவிடும் பொருட்டே பழைய தச்சர் கதவுகளின் மேலே சித்திர வேலைப்பாடமைந்த மரச் சட்டங்களைத் திறந்தபடி விட்டனர். அழகுக்காக மட்டும் அன்று. முற்றத்தை மூடிய வீட்டில் நண்பகலில் விளக்கு ஏற்றவேண்டும், நாள் முழுதும் விசிறி சுழலவேண்டும், சுவர் ஈரம் உலராது, பூஞ்சணம் படரும். கண்ணாடிக் கூரை இட்டால் வெளிச்சமாவது வருமே என்பர் சிலர். வெளிச்சத்தோடு வெயிலும் வந்து, வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். ஒடுங்கிய வீட்டில் முற்றமே மிகப் பெரிய அறை என்று கொள்வதே தக்கது. துணி உலர்த்துவதும், பாட்டி முருங்கைக்கீரை ஆய்வதும், பிள்ளைகள் மாலையில் விளையாடுவதும் அங்கேயே நிகழ்கின்றன. உள்விறாந்தையின் ஓரத்தில் நீண்ட பலகை ஒன்றை மேசையாகப் பொருத்தினால் பிள்ளைகள் படிக்கும் இடமும் ஆயிற்று.

அப்படியாயின் மூன்றாவது படுக்கையறைக்கு எங்கே போவது? விடை மேலே இருக்கிறது. இவ்வீடுகளின் கூரை உயரமானது. நடுச்சாலையின் ஒரு பாதியில், சுவரைத் துளையாமல், தரையில் ஊன்றிய மரக்கால்கள்மேல் பரண் போன்று ஒரு தட்டு அமைத்தால் அதன்மேற் பிள்ளைகள் உறங்கலாம். கீழே நூல்களும் துணிமணிகளும் வைக்கும் அலுமாரிகள் அடங்கும். இங்கே முக்கியமானது தட்டு சுவரைப் பற்றாது தன் கால்களில் தானே நிற்பதாகும். நாளை பிள்ளைகள் வளர்ந்து வேறு வீடு சென்றால் அதனைக் கழற்றி எடுத்துவிடலாம். பழைய சாலை சிறிதும் ஊனமின்றி மீளும். 1964ஆம் ஆண்டு வெனிஸ் நகரிற் கூடிய கட்டடக்கலைஞரும் தொல்லியல் வல்லுநரும் வகுத்த சாசனத்திலும் இதற்கு இயைந்த கருத்து உண்டு. பழைய கட்டடத்தைச் சமுதாயத்துக்குப் பயன்படும் வகையில் உபயோகித்தல் விரும்பத்தக்கதே, ஆயினும் அதன் அமைப்பை அப்பயன் மாற்றிவிடலாகாது என்பதும், ஊகம் தொடங்கும் இடத்திற் புனரமைப்பு நின்றுவிட வேண்டும் என்பதும் அச்சாசனத்தின் முக்கிய விதிகள். புதிதாகச் சேர்ப்பது புதிது என்று கண்ணுக்குப் புலப்படல் வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஒல்லாந்தர் காலத்துத் தூண்போலப் போலித்தூண் கடைந்து நிறுத்துவது பழைமையைப் போற்றுவதாகாது என்பது இதனால் விளங்கும்.

இனிச் சுவரைக் கவனிப்போம். வீட்டைக் காப்பதும் கெடுப்பதும் பெரும்பாலும் இங்கேதான் நிகழ்கின்றன.

ஏறத்தாழ இரண்டடி தடிப்புள்ள இச்சுவர்கள் முருகைக்கல்லாலும் கபுக்கல்லாலும் ஆனவை. முருகைக்கல் கடலிலிருந்து வந்தது. ஆகவே உப்பு அதனுடன் பிறந்தது. கபுக்கல் வெட்டும்போது மிருதுவாயிருந்து, காற்றுப்பட்டபின் இறுகும் செந்நிறக் கல். இரண்டையும் பிணைத்தது சுண்ணாம்புச் சாந்து. இச்சுவர்களின் அடியில் நீரைத் தடுக்கும் படை எதுவும் இல்லை. விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் அவை நிலத்தின் ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றுகின்றன. இருநூறு முந்நூறு ஆண்டுகளாக ஈரம் ஏறியும் சுவர் விழவில்லையே எனின், ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் நுண்ணிய துளைகள் வழியே ஆவியாகி வெளியேறிக்கொண்டும் இருந்தமையே அதற்குக் காரணமாகும்.

இந்த ஒழுங்கை அறியாது, பூச்சு உதிர்கிறதே என்று சீமெந்து பூசுகின்றனர். சீமெந்து கடினமானது, பூசிய அன்று சுவர் வழவழப்பாய், புதுமணப்பெண் போல் விளங்கும். ஓரிரு மாரி கழிந்ததும் உண்மை வெளிப்படும். வெளியேற வழி இல்லாத ஈரம் சுவரினுள்ளேயே மேலும் உயர ஏறும். முன்னர் முழங்கால் அளவில் நின்ற கறை இடுப்பளவுக்கு வரும். ஈரத்தில் கரைந்த உப்பு சீமெந்துப் பூச்சின் பின்புறத்தே பளிங்காகி, விரிந்து, கல்லையே பொடியாக்கும். ஒருநாள் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும்; விழும்போது கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். அதனைக் கண்டு இன்னும் தடிப்பாகச் சீமெந்து பூசுவோரும் உளர்! நோய்க்குக் காரணமான பொருளையே மருந்தென மீண்டும் ஊட்டுவது போன்றது அது.

செய்யத்தக்கது யாதெனில், சீமெந்துப் பூச்சைப் பொறுமையோடு உளியாற் கொத்தி எடுத்து, சுவரைப் பல மாதம் திறந்தபடி உலரவிடுதல். வெளிவரும் உப்பைத் தும்புத்தூரிகையால் உலர்வாகத் துடைத்தெடுக்க வேண்டும். நீரூற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளே போகும். அதன்பின் சுண்ணாம்புச் சாந்து பூசவேண்டும். முதலிற் பூசும் பூச்சு சில ஆண்டுகளில் உப்பை ஏற்றுத் தானே உதிரக்கூடும். அது தோல்வியன்று. கல்லுக்குப் பதிலாகப் பூச்சு அழிகிறது. பூச்சை மறுபடி பூசலாம், கல்லை மறுபடி பெறமுடியாது.

சுண்ணாம்பின் தன்மை அறிந்து மகிழத்தக்கது. சுண்ணக்கல்லைக் காளவாயிற் சுட்டால் அதிலுள்ள காபனீரொட்சைட்டு வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். அதன்மேல் நீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீற்றுச் சுண்ணாம்பாகும். அதனை நீரடியிற் பல வாரம் ஊறவிட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு அளவில் மணல் கலந்து பூசினால், அது காற்றிலுள்ள அதே வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மீண்டும் சுண்ணக்கல்லாக மாறுகிறது. சீமெந்து சில மணி நேரத்தில் இறுகும். சுண்ணாம்பு முழுதும் இறுக மாதங்களும் ஆண்டுகளும் செல்லும். ஆதலின் மெல்லிய படையாகப் பூசி, வெயில் நேரே படாமல் ஈரச்சாக்கு தொங்கவிட்டு, ஒரு படை இறுகியபின்பே அடுத்ததைப் பூசவேண்டும். பழைய மேசன்மார் கடுக்காய் ஊறிய நீரையும் பனங்கட்டியையும் முட்டையின் வெண்கருவையும் சேர்ப்பது வழக்கம். இக்காலத்தில் அவசரமே பெரிய எதிரி. ஒப்பந்தகாரர் மூன்று மாதத்தில் வேலையை முடித்துத் தருவேன் என்றால், அவர் சுண்ணாம்பை அறியாதவர் என்று துணியலாம். முன்னாளிற் கடலிலிருந்து முருகைக்கல்லை எடுத்துச் சுட்டனர். அதனாற் கரை அரிப்புற்றமையால் இன்று அதற்குச் சட்டத்தடை உண்டு. உள்நாட்டுச் சுண்ணக்கல்லிலிருந்து பெறும் சுண்ணாம்பே இப்பொழுது தக்கது.

கடற்காற்று வீசும் ஊரில் கொங்கிறீற்றும் எச்சரிக்கைக்குரியது. பழைய சுவரின் தலைமேல் இரும்புக்கம்பி இட்ட கொங்கிறீற்று வளை அமைத்தால் வலிமை கூடும் என எண்ணுவர். உப்புக் காற்றுப் புகுந்து கம்பி துருப்பிடித்துப் பருக்கும்; கொங்கிறீற்று பிளக்கும்; அதன் பாரத்தை மிருதுவான கபுக்கல் தாங்கமாட்டாது.

கூரையைப் பொறுத்தவரை கூறவேண்டியது சிலவே. அரைவட்ட ஓடுகளிற் பெரும்பாலானவை மீண்டும் பயன்படும். ஆகவே இறக்கும்போது எண்ணி அடுக்கவேண்டும். கைமரங்களும் தீராந்திகளும் பெரும்பாலும் சுவரில் அமரும் நுனியிலேயே உளுத்துப்போயிருக்கும். நுனி பழுதென்று மரம் முழுவதையும் எறியாமல், பழுதான பகுதியை மட்டும் அறுத்து, அதே இன மரத்துண்டைச் சாய்வான ஒட்டாகப் பொருத்துவது தச்சர் அறிந்த பழைய வித்தை. ஒழுக்கைத் தடுக்க ஓட்டின் கீழே அஸ்பெஸ்ரஸ் தகடு இடும் வழக்கமும் பரவலாக உண்டு. ஒழுக்கு நிற்பது மெய்யே. ஆயினும் ஓட்டிடுக்குகள் வழியே வெளியேறிய வெப்பம் அதன்பின் உள்ளேயே தங்கும். தகட்டை அறுக்கும்போது எழும் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு.

மலசலகூடமும் குசினியும் இக்கால வாழ்க்கைக்கு இன்றியமையாதன. பழைமைப் பற்றின் பெயரால் பாட்டியை இரவில் மழையில் நனைந்தபடி பின்வளவுக்கு நடக்கச் சொல்வது அறமாகாது. நீர்க்குழாய் செல்லும் இடங்கள் யாவும் வீட்டின் ஒரே மூலையில், முற்றத்துக்கு அப்பால் உள்ள பழைய குசினிப் பகுதியில் ஒன்றுசேர்ந்திருத்தல் நன்று. அயலாரோடு பொதுவான பழைய சுவரில் குழாய் புதைத்தலாகாது. சிறு கசிவும் இரு வீட்டுக்கும் கேடு. சுவரை விட்டு ஒரு சாண் தள்ளிப் புதுச்சுவர் எழுப்பி, குழாய்களை அதில் ஏற்றினால், பழுதுபார்ப்பதும் எளிது, பழைய சுவரும் உலர்ந்திருக்கும். உள்விறாந்தையின் கூரையை முற்றத்தின் ஓரமாகச் சற்று நீட்டினால் மழை நாளிலும் நனையாமற் செல்லலாம். மின்கம்பிகளைச் சுவரைக் கொத்திப் புதையாமல், உத்திரங்களின் ஓரமாகக் குழாயில் வெளிப்படையாகக் கொண்டுசெல்வதே சிறந்தது. பார்வைக்குச் சற்று இடராயினும் கண் சில நாளிற் பழகிவிடும்.

தோண்டும்போதும் இடிக்கும்போதும் எதையும் குப்பையென ஒதுக்குமுன் நின்று நோக்கவேண்டும். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ 1409ஆம் ஆண்டைக் குறித்து நாட்டுவித்த, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிக் கல்வெட்டு 1911இல் இதே காலி நகரில்தான் கண்டெடுக்கப்பட்டது. கண்டெடுத்தபோது அது ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தது. இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக் கழிவுவாய்க்காலின் மேலும் கல்வெட்டு இராது. எனினும் பழைய கிணற்றுப்படி, கதவின் கீல், நிறம் உரிந்த சுவரின் அடிப்படையிற் காணும் முந்தைய வண்ணம் ஆகியன வீட்டின் வயதை உரைக்கும் சான்றுகள்.

இவற்றுக்கெல்லாம் அனுமதியும் வேண்டும். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டமும், காலியின் மரபுரிமையைப் பேணுதற்கென 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மன்றமும் கோட்டை வீடுகளைக் காவல்புரிகின்றன. ஓர் ஓட்டை மாற்றவும் கடதாசி நிரப்பவேண்டியிருக்கிறதே என்ற குடியிருப்போரின் முறைப்பாட்டில் நியாயம் இல்லாமலில்லை. சுண்ணாம்பு வேலை சீமெந்து வேலையினும் செலவு கூடியது. அதனை அறிந்த கைகளோ குறைந்து வருகின்றன. சட்டம் தடுப்பதோடு நின்று, கைகொடுக்காது விடின், எளிய குடும்பம் இரவோடிரவாகச் சீமெந்து பூசும். அல்லது வீட்டை விற்கும். 2004ஆம் ஆண்டு மார்கழியில் எழுந்த ஆழிப்பேரலை வெளிநகரைச் சின்னாபின்னமாக்கியபோது கோட்டை மதில் உள்வீடுகளைப் பெருமளவு காத்தது. அதன் பின்னர் நெதர்லாந்து அரசின் உதவியோடு தனியார் வீடுகள் பல திருத்தப்பட்டன. உதவி கிடைத்த இடத்தில் மக்கள் மனமுவந்து பழைய முறையைக் கைக்கொண்டனர்.

மதில் கடலைத் தடுத்தது, விலையைத் தடுக்கவில்லை. இந்நூற்றாண்டின் தொடக்கம் முதற் கோட்டையின் வீடுகள் பல கைமாறி, விடுதிகளாகவும் கடைகளாகவும் வெளிநாட்டார் ஓய்வில்லங்களாகவும் மாறியுள்ளன. அவற்றுட் பல மிக நேர்த்தியாகப் புதுப்பிக்கப்பட்டவை என்பதை மறுக்க இயலாது. சுண்ணாம்பும் ஓடும் விதிப்படியே உள்ளன. ஆயினும் முற்றத்தில் நீச்சல் தடாகம் கிடக்கிறது. நடுச்சாலையில் விருந்தினர் பதிவேடு இருக்கிறது. விற்றவர்களைக் குறைகூறுவதும் எளிதன்று. பிள்ளைகளின் படிப்பும், மகளின் திருமணமும், பத்துப் பேருக்குப் பாகம் பிரிக்கவேண்டிய சொத்தும் ஒரு பக்கம். ஒழுகும் கூரை மறுபக்கம். அந்நிலையில் விலை பேச வருபவர் கதவைத் தட்டினால், திறவாதிருப்பது கடினம்.

விற்காது தங்கும் குடும்பத்துக்கு வேலை ஒருமுறையோடு முடிவதில்லை. ஆண்டுதோறும் சித்திரையில், தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன், ஓடுகளின்மேல் ஏறி நழுவியவற்றை ஒழுங்குபடுத்தவேண்டும். பீலிகளில் அடைந்த இலைகளை அகற்றவேண்டும். முற்றத்து வாய்க்காலில் ஒரு வாளி நீர் ஊற்றித் தடையின்றி ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும். சுவர்களுக்கு ஒரு கை வெள்ளையடிக்கவேண்டும். இரண்டு நாள் வேலை. ஆண்டு முழுதும் ஆளில்லாது பூட்டிக்கிடக்கும் வீட்டில் முதல் ஓடு நழுவுவதை எவரும் அறிவதில்லை. குடும்பம் வாழும் வீட்டிலோ, முதல் துளி பாட்டியின் கட்டிலருகே விழுந்த அன்றே ஏணி வந்துவிடும்.